ஊசி போட்ட மறுநாள்

பார்மசிக் கல்லூரியில் தடுப்பூசிக்கு ஒதுக்கப்படும் நேரம் குறைவு. மாத்திரை வயிற்றில் எப்படிக் கரைகிறது என்பதற்கே பல வாரங்கள் போய்விடும். தடுப்பூசி, சீரம், டாக்ஸாய்டு எல்லாம் பாடத்தின் கடைசிப் பகுதியில், தேர்வு நெருங்கும் அவசரத்தில் வந்து சேரும். ‘இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் உறுதி. நானும் அப்படி எழுதித் தேறியவள்தான். பிறகு கொங்குப் பக்கம், விசைத்தறி ஊர்களுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்தச் சேர்ந்தேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்தக் கடைசிப் பகுதியே எடுத்துக்கொண்டது.

பார்மசி படித்தவர்களுக்குத் தடுப்பூசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது நோயல்ல, குளிர்ச்சி. சூடு பட்டால் மருந்து கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதை மாணவர்கள் மறந்துவிடுவார்கள். டிபிடி, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் ஆகியவற்றில் மருந்துப் பொருள் அலுமினிய உப்பின் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டியாகிவிடும். மறுபடி உருகினாலும் பழைய நிலைக்கு வராது. இதைக் கண்டுபிடிக்க ‘ஷேக் டெஸ்ட்’ என்று ஒரு சோதனை உண்டு. அதே பேட்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கி மேசையில் வைக்க வேண்டும். உறைந்த குப்பியில் அரை மணி நேரத்துக்குள் மேலே தெளிந்த நீரும் அடியில் வண்டலும் பிரிந்து நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். என் வகுப்பில் மாணவர்கள் ஆர்வமாகச் செய்த சோதனை இதுதான்.

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. அந்த நாட்களில் மெடிக்கல் ஷாப் ஃபிரிட்ஜ்களில் வெப்பநிலை என்ன ஆகிறது என்று பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். இன்சுலின், டி.டி., வெறிநாய்க்கடி ஊசி எல்லாம் அங்கேதான் இருக்கும். வீட்டு உபயோக ஃபிரிட்ஜ், சில கடைகளில் பக்கத்திலேயே குடிதண்ணீர் பாட்டிலும் இருக்கும். தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அளவு குறிப்பதற்காகக் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். அப்போது கவனித்தது ஒன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் கடை திறந்ததும் தோளில் குழந்தையோடு பெண்கள் வந்து நிற்பார்கள். “நேத்து ஊசி போட்டமுங்க, ராத்திரி பூரா காச்சல். ஏதாச்சும் குடுங்க.” கடைக்காரர் ஒரு பாராசிட்டமால் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். எத்தனை மில்லி என்ற பேச்சு சில சமயம் நடக்கும், பல சமயம் நடக்காது. ஃபிரிட்ஜ் ஆய்வு முடிந்த பிறகும் அந்த வியாழக்கிழமைக் கூட்டம் என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் துறையிலும் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 2008-இல் ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்பு வந்தது. மருந்தைச் செய்வது, சோதிப்பது என்பதோடு மருந்தை உட்கொள்ளும் மனிதரையும் கவனிக்கச் சொல்லும் ‘பார்மசி பிராக்டிஸ்’ துறைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. நான் அந்தப் பக்கம் நகர்ந்தேன். மக்கள் ஏன் தடுப்பூசியை ஏற்கிறார்கள், ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஆராயப்போகிறேன் என்றதும், “இதில் மருந்து எங்கே இருக்கிறது?” என்று ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவில் ஒருவர் கேட்டார். குப்பிக்குள் எட்டு டிகிரியில் பத்திரமாக இருக்கும் மருந்தால் யாருக்கும் நன்மையில்லை, குழந்தையின் தொடைக்குள் போனால்தான் அது மருந்து என்று பதில் சொன்னேன். அனுமதி கிடைத்தது.

இந்த ஆய்வுத் துறைக்கென்று ஒரு சட்டகம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று, தடுப்பூசி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தும் அதை ஏற்கத் தாமதிப்பதையும் மறுப்பதையும் ‘தயக்கம்’ என்று வரையறுத்து, மூன்று காரணங்களைச் சொன்னது: மருந்தின் மீதும் கொடுப்பவர் மீதும் உள்ள நம்பிக்கை, ‘நமக்கெல்லாம் அந்த நோய் எங்கே வரப்போகிறது’ என்ற அசட்டை, போய்வரும் வசதி. 2018-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கொர்னேலியா பெட்ஷும் அவருடைய குழுவினரும் இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: லாப நஷ்டக் கணக்கு, பிறருக்கான பொறுப்பு. 2019-இல் உலக சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக இந்தத் தயக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டது. அதன் பிறகு எங்கள் துறையில் கட்டுரைகள் பெருகின.

கட்டுரைகள் பெரும்பாலும் கேள்வித்தாளை நம்பியவை. ‘முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். அதை எடுத்துக்கொண்டு தறி ஓடும் தெருவுக்குள் போனால் நிலைமை வேறு. முதலில் ஒப்புதல் படிவம். கையெழுத்து என்றதும் முகம் மாறும். கடன் பத்திரத்திலும் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு, வெறும் பேச்சுக்கு எதற்குக் கையெழுத்து என்று தோன்றுவது நியாயம்தான். அதைத் தாண்டினால் அடுத்தது மரியாதை. ‘தடுப்பூசி குழந்தைக்கு நல்லது’ என்று படித்ததும், “நல்லதுதானுங்க, படிச்சவங்க நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்பார்கள். அடுத்த வரியில் ‘தடுப்பூசியால் தீங்கு வரலாம்’ என்று படித்தாலும் அதே பதில். வீடு தேடி வந்தவரை மறுத்துப் பேசக்கூடாது என்பது இந்த ஊர்ப் பழக்கம். ஐந்து கட்டங்களில் எந்தக் கட்டத்திலும் அடங்காத பதில் அது. தாளை மூடிவைத்து, “ஏம்மா, போன ஊசி போட்ட அன்னைக்கு வீட்டுல என்ன ஆச்சு?” என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

பேச்சு தொடங்கினால் ஒரே பக்கமாகத்தான் ஓடியது. புதன்கிழமை ஊசி. அன்று இரவு காய்ச்சல், தொடை வீக்கம், விடாத அழுகை. ஒற்றை அறை வீட்டில் அழும் குழந்தையோடு யாரும் தூங்க முடியாது. விடிந்தால் ஷிஃப்ட். “இவரு நைட்டு ஷிஃப்ட்டுங்க, நான் பகல் ஷிஃப்ட்டுங்க. பையனுக்குக் காச்சல்னா தறிக்கு யாருங்க போறது? சனிக்கெழம கூலியில அது தெரியுமுங்க.” அந்தப் பெண் இரண்டாவது தவணைக்குப் போகவில்லை. தடுப்பூசி கெட்டது என்று அவர் நினைக்கவில்லை. முதல் தவணை அவருக்கு ஒரு நாள் கூலியைத் தின்றிருந்தது. இன்னொரு வீட்டில் மாமியார் இன்னும் நேராகச் சொன்னார்: “அம்மணி, ஊசி நல்லதுன்னு எனக்குந் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கொழந்தை ஒடம்பு கொதிச்சா நான் எங்க போறது, யாரக் கேக்கறது? அதச் சொல்லு.”

என் ஆய்வு வாழ்க்கையில் நான் சொல்ல வந்தது இந்த மாமியாரின் கேள்விக்குள்தான் இருக்கிறது. அடுத்த ஊசிக்கான முடிவு, சென்ற ஊசி போட்ட இரவில் எடுக்கப்படுகிறது. ஊசிக்கு முன்னால் நாம் செய்யும் பிரச்சாரம், போஸ்டர், நடிகர் பேசும் விளம்பரம் எல்லாம் முதல் ஊசிவரை கொண்டுவந்து விடும். அதற்கு மேல் கொண்டுபோவது ஊசிக்குப் பிறகு கிடைக்கும் பதில்.

இது அரசுக்குத் தெரியாத விஷயமல்ல. நம் தடுப்பூசித் திட்டத்தின் விதிப்படி, ஊசி போடுபவர் ஒவ்வொரு தாயிடமும் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன பின்விளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவர வேண்டும். வரிசையில் நிற்கும் தாய்மார்களையும் பதிவேட்டையும் கணினிப் பதிவையும் ஒரே நர்ஸம்மா சமாளிக்கும் புதன்கிழமையில், இந்த நான்கில் முதலில் விடுபடுவது இரண்டாவது. அது ஒன்றுதான் மறுநாளைக்கான செய்தி.

அந்த இரண்டாவது செய்திக்குள் பார்மசிக்காரரின் மொத்தப் படிப்பும் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் போடும் பென்டாவேலன்டில் கக்குவான் கிருமி முழுசாக இருக்கும். அதனால்தான் காய்ச்சலும் வலியும் அதிகம். தனியார் கிளினிக்கில் ‘வலி இல்லாத ஊசி’ என்று கேட்டு வாங்குவது கிருமியின் சில பகுதிகளை மட்டும் வைத்துச் செய்தது. வலி குறைவு, விலை அதிகம், ஆனால் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். இதைத் தாயிடம் சொன்னால், காய்ச்சல் மட்டமான மருந்தின் அடையாளம் என்ற எண்ணம் போய்விடும். அடுத்தது பாராசிட்டமால். காய்ச்சல் வருமோ என்று முன்கூட்டியே கொடுத்தால் சில ஊசிகளில் எதிர்ப்பாற்றல் குறைவாக உருவாகிறது என்று 2009-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே வந்தபின் கொடுப்பதே சரி. எவ்வளவு என்பதுதான் ஆபத்தான இடம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லியில் 125. இன்னொரு சிரப்பில் 250. மூன்றும் ஒரே அலமாரியில், கிட்டத்தட்ட ஒரே நிற அட்டைப்பெட்டியில். ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 முதல் 75 மில்லிகிராம் தேவை. சொட்டு மருந்தில் அது அரை மில்லியிலிருந்து முக்கால் மில்லிவரை. 125 சிரப்பில் இரண்டிலிருந்து மூன்று மில்லிவரை. ‘அரை டீஸ்பூன்’ என்று சிரப்புக்குச் சொன்னதைச் சொட்டு மருந்து பாட்டிலுக்குச் செய்தால், குழந்தைக்குப் போவது 250 மில்லிகிராம். காய்ச்சலைவிடப் பெரிய தீங்கு அதுதான். இந்தக் கணக்கை இரவு ஒன்பது மணிக்குச் சொல்லித்தரத் தெருவில் இருக்கும் ஒரே படித்த ஆள், மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட்.

மறுநாளைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தனி வீடுகளைத் தாண்டி ஒரு முழு மாநிலத்தின் கதையும் ஒரு நாட்டின் கதையும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாடு கிராமத்துக்கே சென்று ஊசி போடும் முறையை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகளை வரச்சொன்னது. பயத்தைத் தணிக்க எடுத்த முடிவு அது. ஆனால் தொலைவு கூடியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005–06-இல் தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் 80.9 சதவீதம். 2015–16-இல் அது 69.7 சதவீதம். மீண்டும் 89.2-க்கு ஏறியதை 2019–21 கணக்கெடுப்பில்தான் பார்த்தோம். இறக்கத்துக்கு அந்த ஒரு சம்பவம் மட்டுமே காரணம் என்று எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது. அதைக் கணக்கில் எடுக்காமல் இந்த எண்களை விளக்கவும் முடியாது.

சமோவா தீவின் கதை இதைவிடக் கொடியது. தட்டம்மை ஊசி பொடியாக வரும். அதற்கென்றே உள்ள கரைநீரில் கரைத்துப் போட வேண்டும். 2018 ஜூலையில் அங்கே கரைநீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்கமருந்து கலக்கப்பட்டு இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசித் திட்டம் பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. தப்பு மருந்தில் இல்லை, கலந்த கையில் என்று தெரியவருவதற்குள் மக்களின் பயம் வேர்பிடித்துவிட்டது. மறு ஆண்டு தட்டம்மை பரவியபோது அந்தச் சின்ன நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கரைநீரையும் தசைத்தளர்த்தி மருந்தையும் ஒரே ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது என்பது பார்மசி வகுப்பில் ஒரு வரி. அந்த வரியைச் சொல்லும்போது இந்த 83-ஐயும் கரும்பலகையில் எழுதிவிடுவேன்.

தடுப்பூசியைச் சந்தேகிப்பவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் என்று பேசும் பழக்கம் எங்கள் கருத்தரங்குகளில் உண்டு. அப்போது ராஜாஜியை நினைவூட்டுவேன். சென்னை மாநில முதல்வராக இருந்து ஓய்ந்த அவர், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று 1955-இல் ஒரு பிரசுரமே எழுதினார். பி.சி.ஜி. தயாராகும் ஆய்வகமோ அவர் வாழ்ந்த சென்னையில், கிண்டியில் 1948 முதல் இருந்தது. பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் இடது கையில் போடுகிறோம். ராஜாஜி சொன்னதெல்லாம் சரி என்று ஆகாது. அவர் கேட்டவற்றில் ஒரு கேள்விக்கு விடை காண ஒரு மாவட்டத்தையே ஆராய வேண்டியிருந்தது என்பது மட்டும் உண்மை. கேள்வி கேட்பவரை அறியாமைக் கணக்கில் சேர்த்துவிட்டால் அந்த விடை கிடைத்திருக்காது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் வந்தபோது களத்தில் இருந்தேன். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி; பள்ளிகளே முகாம்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகள் முகாமுக்கு முன்னே பள்ளியை அடைந்திருந்தன. தனியார் பள்ளிகளில்தான் மறுப்பு அதிகம்; படிக்காதவர்களின் பயம் என்ற பழைய விளக்கம் அங்கே எடுபடவில்லை. முகாம் நாளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் கூட்டங்களில் நான் கேட்ட கேள்விகள் மருந்தின் உள்ளடக்கம் பற்றியவை அல்ல. ‘ஏற்கெனவே டாக்டரிடம் போட்டிருக்கிறோம், மறுபடி ஏன்? ஏதாவது ஆனால் பள்ளி பொறுப்பா, அரசு பொறுப்பா?’ ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தம் கைப்பேசி எண்ணைப் பலகையில் எழுதி, “ராத்திரி எந்நேரமும் கூப்பிடுங்க, நான் டாக்டரக் கூப்பிடறேன்” என்றார். அந்தப் பள்ளியில் ஒப்புதல் சீட்டுகள் மளமளவென்று திரும்பி வந்தன.

கொரோனாவின்போது இதையே மாநிலம் முழுவதும் பார்த்தோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போடச் சொன்னார். 17 அன்று மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். முறையான விசாரணைக்குழுவின் முடிவு வெளியே வர அக்டோபர் ஆகிவிட்டது. மக்கள் பேசிக்கொண்டது இடைப்பட்ட அந்த ஆறு மாதங்களில்தான். அதே அக்டோபரில் மெகா தடுப்பூசி முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றியது அரசு. ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்ற எண்ணத்தால் ஞாயிற்றுக்கிழமை பலர் வராமல் போவதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல நிர்வாகமாகப் பட்டது. மருந்து என்றால் பத்தியம் என்று வளர்ந்த ஊர் இது. கடைக்கு வந்து “எத்தனை நாளைக்குக் கறி ஆகாது?” என்று கேட்பவர் ஊசியை ஏற்றுக்கொண்டுவிட்டவர், ஊசிக்குப் பிந்திய நாளைத் திட்டமிடுகிறார். அவரைக் கேலி செய்து அனுப்பினால் அடுத்த தவணைக்கு வரமாட்டார்.

அமெரிக்காவில் 2009-க்குள் எல்லா மாநிலங்களிலும் பார்மசிஸ்ட்டுகளே ஊசி போட அனுமதி வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2015 முதல் கடையிலேயே ஃப்ளூ ஊசி. நம் ஊரிலும் அந்த உரிமை வேண்டும் என்று மாணவர்கள் ஆவேசமாகப் பேசுவார்கள். கேட்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2015-இன் பார்மசி நடைமுறை விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதைப் பார்மசிஸ்ட்டின் கடமைகளில் ஒன்றாக ஏற்கெனவே எழுதிவைத்திருக்கின்றன. என் வாய்மொழித் தேர்வில் இப்போது ‘இரண்டு முதல் எட்டு டிகிரி’ கேட்பதில்லை. ஒரு மாணவியைத் தாயாகவும் இன்னொருவரைக் கடைக்காரராகவும் நிறுத்தி, கையில் மூன்று பாராசிட்டமால் பாட்டில்களைக் கொடுத்துவிடுவேன். குழந்தையின் எடையைக் கேட்டாரா, ஊசி போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டாரா, எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொன்னாரா, அடுத்த தவணைத் தேதியை நினைவூட்டினாரா என்பதற்கே மதிப்பெண்.

புதிதாக இந்த ஆய்வுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: கேள்வித்தாளின் தொடக்கத்தில் மூன்று கேள்விகளை வையுங்கள். சென்ற ஊசிக்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது? யாரிடம் போனீர்கள்? அவர் என்ன சொன்னார்? ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டங்கள் பிறகு வரட்டும். கட்டுரையின் முடிவில் ‘விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்’ என்று எழுதி முடிப்பது எளிது. நானும் பல கட்டுரைகளில் அந்த வரியைப் படித்துக் கடந்திருக்கிறேன். தாய்க்கு ஒரு நாள் தறிக்கூலி போகிறது. கடைக்காரர் ஐந்து நிமிடம் நின்று அளவு சொன்னால் அவருக்கு ஒரு காசு கிடையாது. பாட்டில் விற்ற லாபம் மட்டும்தான். நர்ஸம்மா மறுநாள் காலை போன் செய்து விசாரித்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இந்த மூன்று பேரின் நேரத்துக்கும் யார் கூலி கொடுப்பது என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கை அரசின் மேசையில் வைக்க முடிந்தால், அதுவே நம் துறையின் பயன்.